ஐயாயிரம் ரூபாய் கோர்ஸ் வேண்டாம், அரசாங்கம் சும்மா சொல்லித்தருவது ஏதாவது இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயது 27, தஞ்சாவூரில் ஒரு மொபைல் கடையில் வேலை, சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்பா 12 மா, அதாவது நாலு ஏக்கர், சாகுபடி செய்கிறார், அதில் 5 மா குத்தகை. சம்பா நெல்லை விற்றுப் பத்து நாள் ஆகிறது. மாவுக்குப் பத்து மூட்டைக்குக் குறையவில்லை, கணக்கில் 1,80,000 ஏறிவிட்டது. போன வருஷமும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வந்தது, பங்குனி முடிவதற்குள் மிச்சம் 11,000.

எங்கே போனது என்று கேட்டால் அப்பா ஒரு பழைய டைரியை எடுத்துப் போடுகிறார். உரக்கடை, அறுப்பு மிஷின் வாடகை, சொசைட்டிக் கடன், தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து எல்லாம் பென்சிலில் இருக்கிறது. அதோடு மாசாமாசம் தவறாமல் "பெ.வீ. 1000" என்று ஒரு வரி. ஒன்பது தடவை. என்ன என்று கேட்டேன். பெரிய வீட்டில் 50,000 ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறார், அதற்கு வட்டி.

இதற்கு நடுவே இன்ஸ்டாவில் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுப்பதாக ஒரு விளம்பரம் துரத்துகிறது, 4,999 ரூபாய், இன்று மட்டும் தள்ளுபடி. ரூம்மேட் சேர்ந்துவிட்டான். எனக்கு அந்தக் காசில் ஒரு மூட்டை டிஏபி உரமும் இரண்டு ஆள் கூலியும்தான் கண்ணில் தெரிகிறது. வரவு செலவு, கடன், சேமிப்பு இதையெல்லாம் அரசாங்கமே இலவசமாக, அதுவும் தமிழில், எங்காவது சொல்லித்தருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கேஷியர் | ஞாயிறு இரவு 10:25

தம்பி, அந்த 4,999-ஐக் கட்டாதே. கும்பகோணம் பக்கம் 34 வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கியின் தளத்தில் நிதிக் கல்விக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே நிதி விழிப்புணர்வுச் செய்திகள் என்று ஒரு சின்னப் புத்தகம் தமிழிலேயே கிடைக்கும். கணக்கு ஆரம்பிப்பது, பட்ஜெட், கடனை எப்போது வாங்கலாம், எங்கே புகார் செய்யலாம் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயமாகப் படத்தோடு போட்டிருப்பார்கள். அப்புறம் என்சிஎஃப்இ, அதாவது தேசிய நிதிக் கல்வி மையம். ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கவனிக்கும் செபி, இன்சூரன்ஸைக் கவனிக்கும் ஐஆர்டிஏஐ, பென்ஷனைக் கவனிக்கும் பிஎஃப்ஆர்டிஏ நான்கும் சேர்ந்து 2013-ல் ஆரம்பித்தது. அவர்களுடைய கையேடு கொஞ்சம் பெரிது, ஆனால் அந்த இன்ஸ்டாக்காரர் விற்பதில் முக்கால்வாசி அதில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். ஷேர், மியூச்சுவல் பண்டு பற்றித் தெரிய வேண்டுமென்றால் செபி முதலீட்டாளர்களுக்காக ஒரு சான்றிதழ் தேர்வு வைத்திருக்கிறது. படிப்பதும் தேர்வு எழுதுவதும் இலவசம். சாரதி என்று ஒரு ஆப்பும் உண்டு.

செல்போனில் படித்தால் மண்டையில் ஏறாது என்றால் நேரில் போகலாம். சிஎஃப்எல் என்று சொல்வார்கள், நிதிக் கல்வி மையம், ரிசர்வ் வங்கி 2017-ல் ஆரம்பித்த ஏற்பாடு. மூன்று ஒன்றியத்துக்கு ஒரு மையம் என்பது கணக்கு. உங்கள் ஒன்றியம் எந்த மையத்தில் வருகிறது என்பதை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அலுவலகத்தில் கேள், சொல்லுவார்கள். நிதிக் கல்வி வாரம் என்று 2016-லிருந்து வருஷா வருஷம் நடத்துகிறார்கள், இப்போதெல்லாம் பிப்ரவரியில், அப்போது கேம்ப் போடுவார்கள். 2025-ல் அதற்குப் பெண்களைத்தான் தலைப்பாக வைத்திருந்தார்கள்.

கடைமடை | ஞாயிறு இரவு 11:58

சார் சொல்வதெல்லாம் சரி. நான் வேதாரண்யம் பக்கம். கஜா வந்தபோது, 2018 நவம்பர் 16, ஒரே ராத்திரியில் தென்னை மொத்தமும் போனது. அதற்கு அப்புறம் இரண்டு மூன்று கேம்ப் எங்கள் ஊருக்கு வந்தது. நானும் போய் உட்கார்ந்தேன், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். "மாத வருமானத்தை எழுதுங்கள்" என்று ஒரு தாள். மாத வருமானம் யாருக்கு இருக்கிறது? எனக்கு வருஷத்தில் பத்து மாதம் பூஜ்யம். என் பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான் அன்றைய நிதிக் கல்வி.

சம்பளத்தில் பாதி செலவுக்கு, அதில் கொஞ்சம் ஆசைக்கு, மிச்சம் சேமிப்புக்கு என்று பங்கு போடச் சொல்வதெல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவனுக்கு. மேட்டூர் ஜூன் 12 திறப்பார்களா, திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்றே தெரியாதவனிடம் அதைச் சொன்னால் என்ன செய்வான்? வெண்ணாற்றங்கரை தம்பிக்கு என்னுடைய கேள்வி ஒன்றுதான். புத்தகம் படித்தால் பெரிய வீட்டு வட்டி குறையுமா?

குழு அக்கா | திங்கள் காலை 6:15

குறையாது தம்பி. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்றாவது தெரியும்.

நான் வலங்கைமான் பக்கம், மகளிர் குழுவில் 11 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊரில் நூறு நாள் வேலை நடந்த இடத்துக்கே அந்த மையத்திலிருந்து ஒரு பொண்ணு வந்தது, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வாய்க்கால் கரையில் எங்களை உட்கார வைத்து முதல் கேள்வியே, "ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்டது. நாற்பது பேர் இருந்தோம். "ரெண்டுதான்" என்று ஒருத்தி, "நூத்துக்கு ரெண்டு" என்று ஒருத்தி. மாசம் ரெண்டு என்றால் வருஷத்துக்கு 24 என்று யாரும் சொல்லவில்லை. பேங்க் வட்டி 9 என்றால் அது பெரிசு, ரெண்டு வட்டி சின்னது என்றுதான் அதுவரைக்கும் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தோம், கணக்கு எழுதுகிற நானும்தான் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் வாரக்கடன். 40,000 கொடுத்து வாரம் 900, 52 வாரம். மொத்தம் 46,800 கட்டுகிறோம், 6,800 வட்டி, அப்படியென்றால் 17 சதவிகிதம் என்று வசூலுக்கு வருகிற தம்பியும் சொல்வான், நாமும் தலையாட்டுவோம். அந்தப் பொண்ணு கேட்டது, "நாற்பதாயிரமும் வருஷம் பூராவும் உங்க கையிலயா இருக்கு? அடுத்த வாரத்துலேர்ந்தே திருப்பிக் கொடுத்துக்கிட்டுதானே வர்றீங்க?" குறைந்துகொண்டே வருகிற பாக்கிக்குக் கணக்குப் போட்டால் 31-க்கும் 32-க்கும் நடுவில் நிற்கிறது. கடன் கொடுக்கும்போது நீட்டுகிற தாள்களில் ஒன்றில் இந்த எண் இருக்கும். ஏபிஆர் என்று போட்டிருக்கும், வட்டியோடு மற்ற கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு என்பது. 2024 அக்டோபர் 1-லிருந்து தனிநபர்க் கடன் எதுவானாலும் இந்த விவரத் தாளைக் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து என் தாளை எடுத்துப் பார்த்தேன், இருந்தது. கையெழுத்துப் போட்ட இடத்துக்கு நாலு வரி மேலேயே.

வெண்ணாற்றங்கரை | திங்கள் காலை 8:02

அக்கா, அப்படியென்றால் அப்பா 50,000-க்கு வருஷத்துக்கு 24 சதவிகிதம் கட்டுகிறார். வீட்டில் அம்மாவின் செயின் பீரோவில் சும்மா இருக்கிறது. அதை வங்கியில் வைத்து வருஷத்துக்கு 9 என்று வைத்தால்கூட ஒன்பது மாதத்துக்கு 3,375-தான் வருகிறது, இப்போது போட்டுப் பார்த்தேன். அப்பா கொடுத்தது 9,000.

பழைய கேஷியர் | திங்கள் காலை 8:30

கணக்கு சரி. அதைவிட மலிவும் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. கிசான் கார்டு வழியாக வங்கியில் வாங்கினால் 3 லட்சம் வரைக்கும் 7 சதவிகிதம், கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் தள்ளி 4. உன் அப்பா இந்த இரண்டையும் தாண்டிப் பெரிய வீட்டுக்கு ஏன் போனார் என்று முதலில் கேள். நகைக்கும் ஏன் போகவில்லை என்று கேள்.

வெண்ணாற்றங்கரை | திங்கள் இரவு 10:11

கேட்டேன். சொசைட்டியில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, அது உழவுக்கும் நடவுக்கும் சரியாகப் போய்விட்டது. நடுவில் மழையில் இளம்பயிர் மூழ்கி மறுபடி நாற்று வாங்க அவசரமாகப் பணம் வேண்டியிருந்தது. நகையைப் பற்றிக் கேட்டதற்கு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்கம்மா கழுத்துல ஒண்ணும் இல்லாம வரப்புல நடந்தா ஊரு என்ன பேசும்?" என்றார். பீரோவில் இருப்பதைத்தானே கேட்டேன் என்றேன். "கல்யாணம் காட்சின்னா போடணும்ல" என்று எழுந்து போய்விட்டார்.

கடைமடை | திங்கள் இரவு 10:40

இதைத்தான் நேற்றே சொன்னேன். ரிசர்வ் வங்கிப் புத்தகத்தில் மானம் என்று ஒரு பக்கம் இருக்கிறதா? பெரிய வீட்டில் வாங்கினால் யாருக்கும் தெரியாது, ராத்திரி எட்டு மணிக்குக் கொல்லைப்புறமாகப் போய் வாங்கி வரலாம். வங்கியில் நகையை வைக்கப் போனால் க்யூவில் ஊர்க்காரன் நாலு பேர் நிற்பான். ஒன்பதாயிரத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் அந்த மானத்துக்குக் கொடுத்த விலை.

பழைய கேஷியர் | செவ்வாய் காலை 7:05

கடைமடையார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் கவுண்டரில் பார்த்தது இன்னொன்று. நகைக்கடனுக்கு வருகிறவர்களில் பலருக்கு விதி தெரியாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது விதி போட்டது, 2026 ஏப்ரல் 1 முதல் எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டும். இரண்டரை லட்சம் வரைக்கும் நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நகையை உங்கள் கண் முன்னாலேயே நிறுத்த வேண்டும், கல்லுக்கும் அழுக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முழுக்கக் கட்டி முடித்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வராமல், அதற்குக் காரணமும் அவர்கள் பக்கமே இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனையோ சண்டை மிச்சமாகியிருக்கும்.

ஒன்றை மட்டும் கவனி. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற நகைக்கடன் 12 மாதத்துக்கு மேல் ஓடாது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் திருப்பி வைக்க முடியும். நம்ம பக்கம் பத்து வருஷமாக ஒரே சங்கிலியைத் திருப்பித் திருப்பி வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நகை என்றால் ஒரு சீட்டுத்தான், சங்கிலி எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருக்கும்.

சிங்கையில் மன்னைக்காரன் | செவ்வாய் மதியம் 1:20

லஞ்ச் பிரேக்கில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. இங்கே சிங்கப்பூரில் மணிசென்ஸ் என்று அரசாங்கமே 2003-லிருந்து நடத்துகிறது, இதே மாதிரி விஷயம்தான். வந்த புதிதில் டார்மிட்டரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தும் பார்க்காமல் போனேன். அடுத்த வருஷம் டிரேடிங் ஆப்பில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் "சார்" ஒருத்தர் தினமும் லாபம் காட்டுவார், முதல் தடவை 3,000 நிஜமாகவே திரும்பி வந்தது, அதுதான் தூண்டில். ஊரில் யாருக்காவது இப்படி நடந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் பணம் போகும் வழியை நிறுத்த முடியும். எனக்கு மறுநாள் மதியம்தான் தெரிந்தது, அதற்குள் போய்விட்டது.

இன்னொன்று, வெளிநாடு வந்தபின் ஊரில் பழைய சேவிங்ஸ் கணக்கை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும் பசங்க நிறைய. அதை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அதுதான் சட்டம். அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ தனியாகத் திறந்துகொள்ளுங்கள். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான்.

ஆறாம் வகுப்பு ஆ பிரிவு | செவ்வாய் இரவு 9:15

நான் வாத்தியார். என்சிஎஃப்இ பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் வைத்திருக்கிறது, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிறவர்களுக்கு என்எஃப்லாட் என்று ஒரு தேர்வும் நடத்துகிறார்கள். அதைப் பார்த்து ஒரு நாள் என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தேன். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டுக்கு யார் யார் காசு வாங்க வருகிறார்கள் என்று எழுதுங்கள், அவ்வளவுதான் கேள்வி. பால்காரர், கேபிள்காரர், கேஸ் என்று வரும் என்று நினைத்தேன். 31 பிள்ளைகளில் 19 பேர் "குழு சார்" என்று எழுதியிருந்தார்கள், வாரக்கடன் வசூலுக்கு வருகிறவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு பெண் மூன்று குழு சார் எழுதி, செவ்வாய், வியாழன், வெள்ளி என்று கிழமையும் போட்டு, வெள்ளிக்கிழமை சாருக்கு எதிரே "அன்னைக்கு அம்மா ஆத்தங்கரைக்குப் போயிடும்" என்று எழுதியிருந்தாள். நான் அந்தத் தாளைத் திருத்தவில்லை.

குழு அக்கா | செவ்வாய் இரவு 9:50

சார், அந்த அம்மாவிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு வரக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி. குடும்பத்துக்கு இருக்கிற எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் புதுக்கடன் கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதமும் இல்லை, ஈடும் கேட்கக் கூடாது.

என் வாசலில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வந்து நின்றான் ஒருத்தன், எந்தக் கம்பெனி என்று இங்கே வேண்டாம். அந்த விதி இருக்கிற பக்கத்தைச் செல்லில் காட்டினேன். "ஒன்பது மணிக்கு வா தம்பி, காபி போட்டுத் தர்றேன்" என்றேன். போனான். ஒன்பதரைக்கு வந்தான். காபியும் கொடுத்தேன், 900-ம் கொடுத்தேன். கடன் கடன்தானே, அதை மறுக்கவில்லை.

கடைமடை | செவ்வாய் இரவு 11:30

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் சித்தப்பா வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். காரியமெல்லாம் முடிந்து, சித்தப்பா கணக்கில் இருந்த கொஞ்சப் பணத்தைச் சித்திக்கு எடுத்துக் கொடுக்க நான் பாஸ்புக்கை என்ட்ரி போடக் கொண்டுபோனேன். அங்கே வங்கி மித்ராவாக, அதாவது வங்கியின் முகவராக, இருக்கிற பையன் அச்சாகி வந்ததைப் பார்த்துவிட்டு மே மாத வரியில் விரலை வைத்தான். 20 ரூபாய் பிடித்திருந்தார்கள். "அண்ணே, இது சுரக்ஷா பீமா. விபத்துன்னா ரெண்டு லட்சம். பாம்புக்கடியும் சேரும்" என்றான். சித்தப்பா எப்போது கையெழுத்துப் போட்டார் என்று சித்திக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நல்லவேளை அன்றைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம், சீட்டு இருந்தது, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இருந்தது. அந்தத் தாள் இல்லையென்றால் பாம்புக்கடி என்று வாயால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சாதாரணமாக 30 நாளுக்குள் படிவம் கொடுக்க வேண்டுமாம், எங்களுக்கு 26-ஆவது நாள்.

பணம் வந்தது. அதனால் கேம்ப் எல்லாம் அருமை என்று சொல்ல வரவில்லை. மூன்று கேம்ப் சொல்லித்தராததை அந்தப் பையனுடைய ஒரு விரல் சொல்லித்தந்தது. ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் திறந்து, இந்த வரி என்ன, அந்த வரி என்ன என்று சொல்லிக்கொடுக்கிற கேம்ப் போடட்டும், நானே முதல் வரிசையில் உட்காருகிறேன்.

பழைய கேஷியர் | புதன் காலை 6:50

கடைமடை, இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எழுதத் தோன்றவில்லை. கவுண்டரில் நான் அச்சடித்துக் கொடுத்த பாஸ்புக்குகளில் எத்தனை 20 ரூபாய் வரி, அது 20 ஆவதற்கு முன்னால் எத்தனை 12 ரூபாய் வரி இருந்திருக்கும்! ஒருத்தரிடமும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

மற்றவர்களுக்காக: 436 ரூபாய் என்று ஒரு வரி இருந்தால் அது ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 18-லிருந்து 50 வயதுக்குள் சேர வேண்டும். 20 ரூபாய் விபத்துக்கு மட்டும், 70 வயது வரை. இரண்டும் ஜூன் 1-லிருந்து அடுத்த மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் அந்தத் தொகை இருக்க வேண்டும். நம்ம ஆட்களுக்கு அறுவடைப் பணம் தீர்ந்துபோகிற நேரம் அதுதான், 20 ரூபாய் இல்லாமல் விட்டுப்போன கணக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

சிங்கையில் மன்னைக்காரன் | புதன் மதியம் 1:05

ஒரு சந்தேகம். ஊரில் தங்கச்சி தீபாவளிச் சீட்டு கட்டுகிறாள், தெருவிலேயே ஒரு அக்கா பிடிக்கிறார்கள். இதற்கெல்லாம் பதிவு உண்டா?

பழைய கேஷியர் | புதன் மதியம் 2:40

ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், பதிவுத்துறையில் விசாரிக்கலாம். சீட்டு நடத்துகிறவர் கமிஷன் 7 சதவிகிதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தெருவில் அக்கா பிடிப்பதற்கு எந்தத் தாளும் இருக்காது, அந்த அக்காவின் நாணயம்தான் ரசீது. போட்ட பணம் போனாலும் தாங்கும் என்கிற அளவுக்கு மட்டும் போடச் சொல். ஊர் ஊராக ஆபீஸ் திறந்து மாதம் 10 சதவிகிதம் தருகிறேன் என்கிற கூட்டம் வந்தால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், புகாரும் அங்கேயே போடலாம். வங்கி மேலேயே புகார் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாள் பார்க்க வேண்டும், பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், ஒரு பைசா செலவில்லை. ரிசர்வ் வங்கியின் 14448-க்கு அடித்தால் வழி சொல்வார்கள்.

வெண்ணாற்றங்கரை | சனி இரவு 8:55

நேற்று லீவு போட்டு எங்கள் ஒன்றியத்துக்கான மையத்துக்குப் போய் வந்தேன். மாடியில் ஒரு அறை, இரண்டு மேஜை, ஒரு அக்கா. புத்தகம் கொடுத்தார்கள், தமிழ்தான், ஆனால் "இடர்" "ஈட்டம்" என்று வருகிற இடத்தில் அப்பா நின்றுவிடுவார். பட்ஜெட் பக்கத்தில் ஜனவரி, பிப்ரவரி என்று கட்டம் போட்டிருந்தது. எங்களுக்கு மாத வருமானம் இல்லை அக்கா என்றேன். அவர்கள் சிரித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மாதத்துக்குப் பதிலாக மேலே நடவு, களை, உரம், அறுப்பு, சும்மா இருக்கும் காலம் என்று ஐந்து கட்டம் போட்டார்கள். அந்தச் "சும்மா இருக்கும் காலம்" கட்டம்தான் மற்ற நான்கையும்விட அகலமாக வந்தது. வீட்டுச் செலவை மட்டும் மாதக் கணக்கில் எழுதி, அறுவடைப் பணம் வந்த அன்றைக்கே அத்தனை மாதத்துக்கும் வேண்டியதை வேறொரு கணக்கில் ஒதுக்கச் சொன்னார்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாதம் 100-லிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்கள், ஆனால் எங்களுக்கு மாசாமாசம் கட்டுவது சரிப்படாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே தடவையாகப் போடுகிற டெபாசிட்டைத் துண்டு துண்டாக, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்வடைகிற மாதிரி போடச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தாளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் டைரியை எடுத்து வந்து பென்சிலில் அவரே நிரப்பினார். 12 மா-வுக்கும் சேர்த்துப் போட்டவர், குத்தகை நெல்லை அளந்ததைக் கழித்தபின் அந்த 5 மா-வில் கையில் நின்றது எவ்வளவு என்று தனியாகப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். அப்புறம் பெரிய வீட்டுக்குப் போய் 50,000-ஐயும் கட்டிவிட்டு வந்தார், கொல்லைப்புறமாக இல்லை, வாசல் வழியாகவே. செயினைப் பற்றி இன்னும் பேச்சில்லை. குத்தகையை விடுவதா வேண்டாமா என்று அம்மாவும் அவரும் இப்போது திண்ணையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குக் கேட்காத மாதிரி.

கடைமடை | சனி இரவு 9:30

அந்த ஐந்து கட்டம் போட்ட தாளைப் படம் எடுத்துப் போடு தம்பி. சார், பாஸ்புக் கேம்ப் விஷயம், எங்கள் ஊருக்கு வரச் சொல்ல யாரிடம் போவது?

பழைய கேஷியர் | சனி இரவு 9:48

முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம், ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு. 50 பேராவது வருவார்கள், எல்லாரும் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு எடுத்து வருவார்கள் என்று எழுது. இடம், நாற்காலி, மைக் உங்கள் பொறுப்பு என்றால் சீக்கிரம் வருவார்கள். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி நானும் வருகிறேன், விரல் வைத்துக் காட்ட ஒரு ஆள் கூடுதலாக இருக்கட்டும்.

கடைமடை | சனி இரவு 9:55

மைக் செட் பஞ்சாயத்து ஆபீசில் இருக்கிறது சார். ஆம்ப்ளிபயர்தான் கஜாவில் நனைந்தது, இன்னும் சரி செய்யவில்லை.

குழு அக்கா | சனி இரவு 10:02

மைக் எதற்கு தம்பி, எங்கள் குழுப் பொம்பளைங்க நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.